பல்லைக் காட்டும் கார்

"அத்தான், என் கார் ஒரு வீட்டு வாசல்ல பத்து நிமிஷம் நின்னா போதும். வீடே எழுந்து வந்து, 'என்னை எப்ப விக்கப் போறே'ன்னு என் சட்டையைப் பிடிக்கும்!"

வீட்டுத் தரகர் இப்படித்தான் பேசுவார். அவர் அளக்கிற அளப்பைக் கொட்டினால் ஆறு மாடிக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் நிரம்பிவிடும்.

அத்தான் வீட்டு வாசலில் நேற்றே அவர் விட்டுவிட்டுப் போன சொந்தக் காரும் அவரைப் போலத்தான். நாலு கதவிலும், பின் கண்ணாடியிலும், பெட்ரோல் ஊற்றும் மூடியில்கூட அவர் படம். அத்தனை படத்திலும் முப்பத்திரண்டு பல்லும் தெரியும். இரண்டு கூடுதலாகவே தெரியும். கீழே, ஆகாய விமானத்திலிருந்து படிக்கிற அளவு எழுத்தில், 'வீடு விற்பனைக்கு! அழையுங்கள்!'

"முதல்ல அந்த ஸ்டிக்கரையெல்லாம் கிழிடா" என்றார் அத்தான். அக்காவின் கணவர். தன் கண்ணால் கண்டதையே இரண்டு தரம் விசாரித்துவிட்டுத்தான் நம்புகிற மனிதர். "ஆபீஸ் போர்டுல எழுது, பேப்பர்ல போடு, யாரு வேணாம்னா? சொந்தக்காரங்க வீட்டுக்கு வர்ற வண்டியிலயா ஒட்டுவாங்க? நீ எங்க நிறுத்தினாலும் அந்த வீடு விலைக்கு வந்துடுச்சுன்னு நினைக்கிறாங்க. உன் சம்பந்தி வாசல்ல நிறுத்தினே, மனுஷன் திவாலாயிட்டார்னு தெருவே பேசிச்சு!"

"விளம்பரம்னா அப்படித்தான் அத்தான் பரவணும்."

"உங்கக்காவை எடுத்த அன்னிக்கு, துக்கம் கேக்க வந்த ஒருத்தன் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'சதுர அடி என்ன விலை'ன்னு கேட்டான்டா."

தரகரின் பற்கள் கொஞ்ச நேரம் உள்ளே போய்விட்டன.

அக்கா போய் மூன்று மாதம். அன்றிலிருந்து இத்தனை பெரிய வீட்டில் அத்தான் ஒண்டியாக இருக்கிறார். தன்னோடு வந்துவிடச் சொல்லி மகள் தினமும் போனில் கூப்பிடுகிறாள். மனிதர் அசைந்து கொடுக்கவில்லை. வீட்டை விற்றாலாவது மகளோடு போய் நிம்மதியாக இருப்பாரே என்பதுதான் தரகரின் கவலை. கமிஷனே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் வாயிலிருந்து 'வேண்டாம்' என்ற சொல் வந்தது அதுதான் முதல் தடவை.

நட்ட நடுப்பகலிலும் கூடத்தில் ஒரு குளிர். கடிகார முள்கூட நுனிக்காலில் நடப்பது போலிருந்தது. சாத்தியிருந்த படுக்கையறைக்குள் மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. விளக்கை அணைக்க மறந்தால் தெருமுனையிலிருந்து திரும்பி வருகிறவர் அத்தான்.

"உள்ள ஃபேன் ஓடுதே அத்தான்?"

"ஓடட்டும்."

"சரி, பந்தயம் வைப்போம். இன்னிக்கு இந்த வீட்டைக் கேட்டு யாராவது வந்தா, நீங்க பெட்டியைக் கட்டிக்கிட்டுப் பொண்ணு வீட்டுக்குக் கிளம்பணும். வரலைன்னா, ஸ்டிக்கரை என் நகத்தாலேயே சுரண்டறேன்."

"ஒரு ஈ காக்கா வராது. வை பந்தயம்!"

அழைப்புமணி அடித்தது.

வாசலில் ஓர் இளம் தம்பதி. தரகர் காரில் உள்ள படத்தைப் போலவே மாறிப்போனார். "வாங்க, வாங்க! வீட்டைச் சுத்திப் பார்க்கலாமா?"

"காலையிலேயே காரைப் பார்த்துட்டு உள்ள வந்தோம் சார்" என்றாள் அந்தப் பெண். "வீட்டம்மாதான் சுத்திக் காட்டினாங்க. இந்த சார் நாற்காலியில தூங்கிட்டிருந்தார், எழுப்ப வேணாம்னாங்க. விக்கிற எண்ணமே இல்லை, சும்மா பாருங்கன்னாங்க. எங்களுக்குத்தான் மனசு கேக்கலை, திரும்பி வந்துட்டோம்."

"எந்த வீட்டம்மா?" என்றார் தரகர்.

"வேற வீட்டுக்குள்ள போயிருப்பீங்க" என்றார் அத்தான் அலட்சியமாக. "இந்தத் தெருவுல எல்லாம் ஒரே மாதிரி வீடு."

"இல்ல சார், இதேதான். சமையலறை ஜன்னல் மழைக்கு ஒழுகும்னு அவங்களே காட்டினாங்க. வெளியில கார்ல இருக்கிற படத்தைப் பார்த்து, 'அதோ, பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறானே, அவன் என் தம்பிதான். இந்த ஜன்னல் முன்னால பீரோவை நகர்த்தி மறைச்சுடுவான், ஏமாந்துடாதீங்க'ன்னு ஒரே சிரிப்பு."

தரகரின் உடம்பிலிருந்த ரத்தம் முழுவதும் உள்ளங்கால் வழியாக வடிந்து தரைக்குள் போயிற்று. அவருக்கு இருந்ததே ஒரே அக்கா. பீரோவை நகர்த்தும் யோசனை நேற்றுப் படுக்கும்போதுதான் அவர் மனதில் உதித்தது. பெண்டாட்டியிடம்கூட மூச்சு விடவில்லை.

அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று எதையோ உளறி அவர்களை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அத்தான்... அக்கா. அக்காதான் வந்திருக்கா!"

"பேயாவது பிசாசாவது" என்றார் அத்தான், தரையைப் பார்த்தபடி. "யாரோ விளையாடியிருக்காங்க. போய் வேலையைப் பாரு."

"யாரும் விளையாடலை! பந்தயத்துல நான்தான் ஜெயிச்சேன். கட்டுங்க பெட்டியை!" தரகர் போட்ட கூச்சலில் ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின. "இந்த வீட்டுல இனிமே ஒரு நிமிஷம்கூட உங்களைத் தனியா விட மாட்டேன்!"

அத்தான் பதறி எழுந்து வந்து அவர் வாயைப் பொத்தினார்.

"கத்தாதேடா. உங்கக்கா இப்பத்தான் கண்ணசந்தா."