தூரமானி சொன்ன தூரம்

வில்லின் மேல் புதிதாக ஏறி உட்கார்ந்த தூரமானிக்கு வாய் ஓயவில்லை. "கடையிலேயே உசத்தி நான்தான். ஒளியை அடிப்பேன், அது பட்ட இடம் எத்தனை அடி தூரம் என்று சொல்லிவிடுவேன்" என்றது அம்பிடம்.

தன்னை வில்லில் பொருத்துவதற்காகக் காலையெல்லாம் வேடனைத் திருகாணி முடுக்க வைத்த மகராசன், ஒழுங்காக வேலை செய்தால் சரி என்று அம்பு நினைத்துக்கொண்டது.

நெடும்புல்லுக்கு அப்பால் ஒரு மான் வந்து நின்றது. தூரமானி அடித்த ஒளி, முன்னால் ஆடிய புல்லிலேயே பட்டுத் திரும்பியது.

"அறுபது அடி!"

அந்தக் கணக்கை நம்பி வேடன் அம்பை விட்டான். அது மானை எட்டாமலே பாறையில் மோதி மூக்குடைந்து விழுந்தது. மான் ஓடிவிட்டது.

"புல்லை அளந்துவிட்டு மான் என்றாயே, பாவி!" என்று அம்பு கத்தியது.

"என் அளவில் பிசகே இல்லை. மான்தான் தள்ளி நின்றுவிட்டது" என்ற தூரமானி, வேடனைப் பார்த்துச் சொன்னது: "அடுத்த அம்பை எடு."