அழவைத்த தீபாவளி நாவல்

இந்தத் தீபாவளிக்கு வெளிவந்த இளையோர் நாவல்கள் எல்லாமே படிக்கிறவரையே நாயகனாக்கின. படிக்கிற முகம் வாடுவதைக் கண்டால், முடிவைக்கூடத் தாமே மாற்றி எழுதிக்கொண்டன. "எங்க பையன் கதையில அவன்தான் ராஜா" என்று பெற்றோர் பெருமையடிப்பது கோமளவல்லி வசித்த அடுக்குமாடிக் குடியிருப்பில் வழக்கமாகிவிட்டது.

கோமளவல்லியின் மகள் நிறைமதி மட்டும் மூக்கைச் சிந்திக்கொண்டே படித்தாள்.

"புத்தகம் கெட்டுப்போச்சாடி?" கோமளவல்லி பதறினாள்.

"இல்லம்மா. கதைய மாத்தாம, எழுதினது எழுதினபடியே இருக்கட்டும்னு நான்தான் செட் பண்ணி வச்சிருக்கேன். என் ஃப்ரெண்ட் ரிஸ்வானாவும் அப்படித்தான். ஆளுக்கொரு கதை படிச்சா, நாங்க எதப் பத்திச் சண்ட போடுறது?"

மறுநாள் காலை, பஸ் நிறுத்தத்தில் அந்தச் சண்டையைக் கோமளவல்லியே பார்த்தாள்.

"அவ அந்தப் படகுல ஏறியிருக்கவே கூடாதுடி!" என்றாள் ரிஸ்வானா.

"ஏறலன்னா தம்பிய யாரு காப்பாத்துறது?"

சுற்றி நின்ற பிள்ளைகள் தங்கள் புத்தகங்களை மூடிவிட்டு வாய் பிளந்து கேட்டார்கள்.

தீபாவளியன்று எதிர்வீட்டுக்காரி அதிரசத் தட்டோடு வந்தாள். "எங்க பொண்ணு கதையில அவ கலெக்டர் ஆயிட்டா. உங்க பொண்ணு?"

கோமளவல்லி நிமிர்ந்து நின்றாள்.

"எம் பொண்ணு கதையில இல்லவே இல்லீங்க. யாரோ ஒருத்திக்காக ரெண்டு நாளா அழுதா."