வரைபடத்தில் ஒரு மூட்டை

"இல்லாத சாமான எங்கேருந்து காட்டுது இது!" கம்ப்யூட்டர் மேசை முன் உட்கார்ந்து மண்டையைப் பிய்த்துக்கொண்டான் வீட்டு விஞ்ஞானி. மனைவி வைத்த பட்டப்பெயர் அது.

தூரத்தை அளக்கும் கேமராவோடு வீட்டைச் சுற்றிவந்து வரைபடம் போடுவதுதான் அவன் செய்த ரோபோவின் வேலை. சோபா, பீரோ, மேசை எல்லாம் சரியாக வந்தன. மேசையை ஒட்டி மூட்டை மாதிரி ஒன்றும் சேர்ந்து வந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் புரோகிராமை மாற்றி மாற்றி எழுதியும் அது ஒழியவில்லை.

"மேசைக்கடியில என்ன இருக்குன்னு பாரும்மா!"

மகள் குனிந்து பார்த்தாள். "உங்க கால்தான்ப்பா இருக்கு."

அவனுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

ஒழுகும் குழாய்க்கு அடியில் வைக்க வாளியோடு போன மனைவி, திரையை எட்டிப் பார்த்தாள்.

"மூணு பேர் இருக்கோம். படத்துல ஒருத்தரையும் காணோமே?"

"நடமாடுறவங்கள அதுவே அழிச்சிடும். நாள் முழுக்க அசையாமக் கிடக்கிறதத்தான் வீட்டுச் சாமான்னு எடுத்துக்கும்!"

அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"அப்ப மெஷின்ல ஒரு கோளாறும் இல்லங்க. எழுந்து வந்து குழாயப் பாருங்க. மூட்டை தானா காணாமப் போயிடும்."