முதல் பாரி

“எட்டிப் பாத்தே, கண்ணு அவிஞ்சு போகும்! அங்கிட்டுத் தள்ளி நில்லுடி!”

மாமியார் மீனம்மாள் போட்ட அதட்டலில் சொர்ணவல்லி பின்வாங்கினாள். கொல்லைப்புற அறைக்குள் ஊர்ப் பெண்களின் முளைப்பாரிப் பானைகள் வரிசையாக இருந்தன. மாரியம்மன் திருவிழா வரைக்கும் உள்ளே போய்த் தண்ணீர் தெளிக்கும் உரிமை மீனம்மாளுக்கு மட்டும்தான்.

“இல்லத்தே, உள்ள கும்மிருட்டா இருக்கே. பயிரு எப்புடிப் பொழைக்கும்? கொடைக்கானல்ல எங்கப்பா வேலை பாத்த பங்களாவுல, சூப்புக்குப் போடுற தழையெல்லாம் குளிர்காலத்துல வீட்டுக்குள்ளதான் வளப்பாங்க. வெளிச்சம் பத்தலைன்னு துரைசாணி கூரையிலயே கண்ணாடி பதிச்சிருந்தாங்க.”

“ஒங்க துரைசாணி சூப்பு குடிக்கட்டும். எங்க ஆத்தாவுக்கு இருட்டுதான் புடிக்கும். போயி மாட்டுக்குத் தண்ணி காட்டு.”

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதே பாட்டுதான். சோறு வடித்தால் குழைவு, கோலம் போட்டால் கோணல். கொடைக்கானல்காரி எதற்கும் லாயக்கில்லை என்று தெரு முழுக்கத் தண்டோரா. மாமியார் வாயால் ஒரே ஒரு நல்ல வார்த்தை வாங்கிவிட மாட்டோமா என்று சொர்ணவல்லி ஏங்கினாள்.

அதற்கு முளைப்பாரியை விட்டால் வேறு வழியில்லை. யாருடைய பாரி நன்றாக வந்திருக்கிறதோ அவள்தான் ஊர்வலத்தில் முதலில் போவாள். அந்த மரியாதையை வருஷா வருஷம் எதிர்வீட்டு உண்ணாமலை தட்டிக்கொண்டு போக, மீனம்மாள் பின்னால் நடந்து புழுதி தின்றாள்.

விளக்கு வைக்கலாமென்றால் ஜெர்மன்காரனோடு வெள்ளைக்காரன் மோதும் சண்டைக்காலம்; மண்ணெண்ணெய் சாமிக்கே கிடைக்கவில்லை. மாமியார் களையெடுக்கப் போயிருந்த ஒரு நண்பகலில் சொர்ணவல்லி அண்டாவைக் கவிழ்த்து ஏறி, கூரையில் ஓடு ஒன்றை நகர்த்தினாள். வெயில் நேராக மூலையிலிருந்த மாமியாரின் பானைமேல் விழுந்தது. அவள் கண் ஒன்றும் அவியவில்லை.

திருவிழாவுக்கு முந்தின நாள், கிணற்றடியில் பக்கத்து வீட்டுச் செவந்தி கேட்டாள்.

“ஒங்க மாமியா பாரி எப்புடிடீ வந்திருக்கும்?”

“பச்சைப் பசேல்னு வந்திருக்கும், பாருங்கக்கா!”

“அடியாத்தி! வாயக் கழுவு. பாரி பச்சையாகலாமா? இருட்டுல கெடந்து, மஞ்சளா நெட்டையா வந்தாத்தான் பாரி. வெயில் பட்டுச்சுன்னா குட்டையாப் பச்சையாப் போயிரும். ஆத்தாவுக்கு அவ மேல கோவம்னு ஊரே காறித் துப்பும்.”

சொர்ணவல்லி குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். உள்ளே பார்க்கத் தைரியமில்லாமல் ஓட்டைத் தள்ளி மூடினாள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்! கட்டாயம் பிறந்த வீட்டுக்குத் துரத்தப்போகிறார்கள் என்று துணிமணியைக்கூட மூட்டை கட்டி வைத்துவிட்டாள்.

மறுநாள் மேளம் முழங்க, பானைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. சொர்ணவல்லி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். குலவைச் சத்தம் காதைப் பிளந்த பிறகுதான் திறந்தாள்.

மீனம்மாள் தலையில் பொன்மஞ்சள் பாரி நெடுநெடுவென்று ஆடிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பின்னால், கொத்தமல்லிக் கட்டு மாதிரி ஒரு குட்டைப் பச்சையைச் சுமந்துகொண்டு உண்ணாமலை மூக்கை உறிஞ்சினாள்.

மீனம்மாள் மருமகளைக் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள்.

“அத்தே... தெரியாம நாந்தான் ஓட்ட நகத்தி...”

“தெரியும்டி, கெட்டிக்காரி! நகத்துன அன்னைக்கே எம் பானையத் தூக்கிட்டு, உண்ணாமலை பானைய அங்க வச்சிட்டேன்” என்று காதோடு சொன்ன மீனம்மாள், அடுத்த குலவைக்கு வாயைத் திறக்குமுன் சேர்த்துக்கொண்டாள்: “அடுத்த வருசமும் மறக்காம ஏறு.”