காற்று வருமுன்

மூன்றாவது நாளாக மெஷின் சரியில்லை.

பழுது பார்ப்பவர் தரையில் மல்லாந்து படுத்து ஒயர்களைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருந்தார். ஆய்வகத்தில் அவருக்குத் 'திருப்புளி' என்று பெயர். நிஜப் பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கலாம்.

தினமும் காலையில் மெஷின் முன்னால் இருக்கும் நாற்காலியில் முதலில் உட்காருவது நான்தான். ஒன்பது வருட வழக்கம். நோயாளிகள் வருமுன், மெஷின் ஒழுங்காக இருக்கிறதா என்று என் கண்ணை வைத்துப் பார்த்துவிடுவோம்.

காதில் 'பீப்' என்று ஒரு சத்தம். அரை நொடியில் கண்ணில் 'புஸ்' என்று காற்று. ஐம்பது அறுபது தடவை ஆனதும், காற்று வருமுன்பே இமை தானாக மூடிக்கொள்ளும். நாம் மூடுவதில்லை. சிறுமூளை மூடுகிறது.

சத்தமும் காற்றும் சேர்ந்து வரும்போது அங்கே ஒரு செல்லுக்குள் கால்சியம் குபீரென்று ஏறும். சத்தத்தைக் கொண்டுவரும் இணைப்பை அந்தக் கால்சியம் வலுவிழக்கச் செய்யும். அதுவரை இமையை இழுத்துப் பிடித்திருந்த செல், அடுத்த முறை சத்தம் கேட்டதும் பிடியை விட்டுவிடும். கற்பது என்றால் அங்கே இவ்வளவுதான். இதை இருநூறு பக்கத்துக்கு இழுத்துத்தான் நான் முனைவர் பட்டமே வாங்கினேன்.

என் கண்ணுக்கு இது மனப்பாடம். முதல் சத்தத்துக்கே மூடிவிடும்.

மூன்று நாட்களாக மூடவில்லை. காற்று வந்து அடித்த பிறகுதான் திடுக்கிட்டு மூடுகிறது.

ஸ்பீக்கரில் சத்தம் சன்னமாக இருக்கிறது என்றேன். மாற்றினார். காற்றுக் குழாயில் அடைப்பு என்றேன். அதையும் மாற்றினார்.

நேற்று யாரும் இல்லாதபோது, சத்தம் கேட்டதும் வேண்டுமென்றே கண்ணை மூடிப் பார்த்தேன். கேமரா இமையைப் பார்த்துத் திரையில் வரையும் கோடு செங்குத்தாக எகிறியது. கற்றுக்கொண்ட இமையின் கோடு அப்படிப் போகாது. மெல்ல ஏறி, காற்று வரும் நேரத்துக்குச் சரியாக உச்சிக்குப் போகும். என் சாமர்த்தியம் கோட்டிடம் பலிக்கவில்லை.

பயமாக இருந்தது.

எங்கள் வீட்டில் இது அப்பா வழியாக வருகிறது. சிறுமூளை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துபோகும் நோய். பிள்ளைகளுக்கு வரலாம், வராமலும் போகலாம். சரிபாதி வாய்ப்பு. அண்ணனுக்கு முப்பத்தைந்தில் வந்தது. எனக்கு நாற்பத்தொன்று முடிந்துவிட்டது, தப்பித்தேன் என்று இருந்தேன். ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் ஒருநாளும் கை நீட்டியதில்லை.

ஆரம்பத்தில் தடுக்கித் தடுக்கி விழுந்தபோது அப்பா செருப்பைத்தான் திட்டினார். ஒரே வருடத்தில் ஐந்து ஜோடி மாற்றினார். கடைக்காரரோடு பெரிய சண்டை. அண்ணனும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

இன்று திருப்புளி பொறுமையிழந்து தானே நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அவர் இதில் உட்காருவது இதுதான் முதல் தடவை. நான் பொத்தானை அழுத்தினேன்.

பீப். புஸ். பீப். புஸ்.

நாற்பதாவது சத்தத்தில் கோடு லேசாக அசைந்தது. அறுபதுக்குள் காற்றை முந்திக்கொண்டு ஏறியது. அழகான கோடு. பாடப்புத்தகத்தில் போடலாம்.

"மெஷின் சரியாயிடுச்சும்மா!"

அவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். மூன்று நாள் படாத பாடு பட்ட மனிதர். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எதற்கும் கேமராவையும் ஒரு தடவை மாற்றிவிடுங்கள் என்றேன்.

வாசலில் சக்கர நாற்காலி வந்து நின்றிருந்தது. பத்து மணி நோயாளி. என் அண்ணன்தான். மாதம் ஒருமுறை எங்கள் ஆய்வுக்கு வருகிறான். எப்போது வந்தான், எவ்வளவு நேரமாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று தெரியவில்லை.

இப்போதெல்லாம் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க அவனுக்கு நேரமாகும். நாக்கு குழறும். காத்திருந்தேன்.

"இது எத்தனாவது செருப்பு, பாப்பா?"