சிவப்புப் புள்ளி வைத்த டம்ளர்

டாக்டரின் அறைக்கு வெளியே அண்ணன் பையிலிருந்து இரண்டு டம்ளர்களை எடுத்தார். ஒன்றில் நகப்பூச்சால் சிவப்புப் புள்ளி. அதில் தண்ணீர் ஊற்றி, எட்டியவரை கையை நீட்டித் தம்பியிடம் கொடுத்தார்.

“ஏண்ணே, கம்பு வெச்சுத் தள்ளிவிட வேண்டியதுதானே?” என்றான் தம்பி. அவன் கண்ணில் மஞ்சள் இன்னும் முழுதாக வடியவில்லை.

“வாயாடாதடா. ஹெபடைட்டிஸ் பி-ன்னா விளையாட்டா? நான் பொறந்ததுலேருந்து ஒரு நாள் படுத்தவன் இல்ல. நீ எங்கேருந்துதான் வாங்கிட்டு வந்தியோ!”

இருவரும் முடிதிருத்துபவர்கள். தம்பி அண்ணனின் சலூனில் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அவனிடமிருந்து தனக்கும் தொற்றியிருக்குமோ என்ற பயத்தில் அண்ணனும் ரத்தம் கொடுத்திருந்தார். இன்று முடிவு தெரியும்.

டாக்டர் கூப்பிட்டதும் அண்ணன் முந்திக்கொண்டார்.

“தட்டு தனி, டம்ளர் தனி, துண்டு தனி. நாற்காலிகூடத் தனி, டாக்டர்!”

“தட்டுலயும் டம்ளர்லயும் இது பரவாதுங்க. ரத்தத்துல பரவும். கடையில பிளேடு எப்படி?”

“கஸ்டமருக்கு ஆளுக்கொரு புது பிளேடு. அதுல நான் ரொம்பக் கறார்.”

“உங்க ரெண்டு பேருக்கு?”

அண்ணன் தாடையைத் தடவினார். “இவன் படுக்கற வரைக்கும், காலைல கடை திறக்கறதுக்கு முன்னாடி ஒருத்தருக்கொருத்தர் சவரம் பண்ணிக்குவோம். வீட்டு ஆளுங்கதானே... ஒரே பிளேடுதான்.”

“எப்பவும் அண்ணனுக்குத்தான் முதல்ல, டாக்டர். மழுங்கினப்புறம்தான் எனக்கு.”

டாக்டர் சிரிக்கவில்லை. “ரெண்டு பேருக்குமே இருக்கு. ஒருத்தருக்கு வந்தது புதுசு. உடம்பே அதை விரட்டிக்கிட்டிருக்கு, அநேகமா சரியாயிடும். இன்னொருத்தருக்குள்ள பல வருஷமா சத்தமில்லாம உக்காந்திருக்கு, கல்லீரலை லேசா அரிச்சிருக்கு. மருந்து இருக்கு, பயப்பட வேண்டாம். ஆனா ஆயுசுக்கும் விடாம கவனிக்கணும்.”

நோய் தெரிந்த இந்த ஆறு வாரத்தில் முதன்முறையாக அண்ணன் தம்பியின் தோளில் கை போட்டார். “கலங்காதடா. நான் இருக்கேன்ல.”

டாக்டர் பழைய தொற்றுக்காரரின் காகிதத்தை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தார். அதன் மேலே இருந்த பெயரைத் தம்பி படித்தான். தோளிலிருந்து நழுவப் பார்த்த கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

“அண்ணே, அந்தச் சிவப்பு டம்ளரை இனிமே நீங்க வெச்சுக்கறீங்களா?”