காவல் நாட்களில் ஓடிய மெசின்

"நித்திரையில மூச்சு நிக்காம இருக்கத் தந்த மெசின் ஒரு ராவும் விடாம ஓடியிருக்கு காக்கா," என்றான் மூத்தவர் ஸைனுலாப்தீனிடம், மெசினின் மெமரி கார்டை ஆஸ்பத்திரிக் கணினியில் போட்டுப் பார்த்த பஸால். "போன கிழமதான் மாஸ்க்கால காத்து லீக்."

போன கிழமை முழுக்க ஸைனுலாப்தீன் இறக்காமத்து வயலில் யானைக் காவலில் கிடந்தார். மெசின் வீட்டில் இருந்தது.

நேரே வீட்டுக்குப் போய் மனைவியிடம் கத்தினார். "என்ட மெசின மாட்டிட்டு எவன்டி இஞ்ச படுத்த?"

"அல்லாவே! மாஸ்க்க உங்கட தலவாணியில வெச்சிட்டு நான்தான் மெசினப் போட்ட," என்றாள் றஹீமா.

"சத்தம் காதக் குடையுதெண்டு ஏசுற நீயா?"

"நீங்க இல்லாத ராவுல அந்தச் சத்தமும் இல்லாட்டி எனக்கு நித்திரை வருதில்லயே."

அடுத்த முறை காவலுக்குப் புறப்படுகையில், மாஸ்க்கை அவரே தலையணையில் வைத்துவிட்டுப் போனார்.